ஆம்பைத் திறக்காதீர்கள், அது கெட்டுப்போகவில்லை

போன வியாழக்கிழமை ஒரு தம்பி தன் டிஜிட்டல் கிட்டார் ஆம்பைப் போர்வையில் சுற்றி, அதன் திருகாணிகளை டிபன் பாக்ஸில் போட்டு ஆட்டோவில் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மிக்சர் வழியாக வாசித்தபோது தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருந்ததாம். பக்கத்துத் தெருவில் செல்போன் சர்வீஸ் செய்பவர் திறந்து பார்த்து, "ஐசி போயிருக்கும்" என்றிருக்கிறார். திறந்த வேகத்தில் முன்பலகைக்குப் போகும் ரிப்பன் கேபிள் கிழிந்துவிட்டது. அந்தக் கேபிளை மாற்றினேன். மற்றபடி அந்த ஆம்பில் ஒரு கோளாறும் இல்லை.

பின்பக்கம் ஒரே மாதிரி இரண்டு மூன்று ஜாக் இருந்திருக்கின்றன. தம்பி ‘சென்ட்’ என்று எழுதியிருந்ததில் லீடை, அதாவது கேபிளை, சொருகி மிக்சருக்கு விட்டுவிட்டார். "அனுப்புன்னுதானே அண்ணா எழுதியிருக்கு?" என்று கேட்டார். கோபப்படவும் முடியவில்லை. வெளியே எஃபெக்ட் பெடல் மாட்டுவதற்காகப் பாதி வழியிலேயே எடுக்கும் சிக்னல் அது. மிக்சருக்குப் போக வேண்டியது ‘லைன் அவுட்’ அல்லது ‘ஃபோன்ஸ்/ரெக் அவுட்’.

இந்த மாதத்தில் நல்ல ஆம்பைத் திறந்து கெடுத்துக்கொண்டு வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிஜிட்டல் மாடலிங் ஆம்ப் நடிப்பது ஆம்பை மட்டுமல்ல. பெடல், ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, அதன் முன்னால் வைத்த மைக், எல்லாவற்றையும் சேர்த்து நடிக்கிறது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடும். டிஸ்டார்ஷனில் எழும் அரிப்புச் சத்தத்தை அதுதான் விழுங்குகிறது. ஹாலில் தொங்கும் பெட்டியில் ட்வீட்டர் இருக்கிறது. அது எதையும் விழுங்காது. எனவே மிக்சருக்குப் போகும்போது ‘கேப் சிமுலேஷன்’, அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் நடிப்பு, இருந்தாக வேண்டும். அதே சமயம், அதைப் போட்டுவிட்டு நிஜ கிட்டார் ஸ்பீக்கருக்கும் கொடுத்தால் வாயில் துணி வைத்துப் பேசுவதுபோல மங்கிவிடும். நிஜப் பெட்டி ஒன்று, அல்லது நடிப்புப் பெட்டி ஒன்று. இரண்டும் வேண்டாம், இரண்டும் இல்லாமலும் வேண்டாம். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற மாடலிங் பெட்டி ‘பாட்’ வந்த காலத்திலிருந்து இதே பாடம்தான்.

சரி, என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டும் புகாருக்கு வருகிறேன். "வீட்ல சூப்பரா இருந்துச்சு சார், ஸ்டேஜ்ல கேவலமா இருக்கு. ஆம்ப்ல ஏதோ பிரச்சினை."

ஆம்பில் பிரச்சினை இல்லை சார். ராத்திரி பத்து மணிக்கு, அடுத்த அறையில் அம்மா தூங்கும்போது, வால்யூமை 1இல் வைத்துக்கொண்டு டோன் செட் செய்திருக்கிறீர்கள். பேஸ் (அடித்தொனி) 8, ட்ரெபிள் (உச்சத் தொனி) 8, மிட் (நடுத்தொனி) 2. காதுக்குத் தேனாகத்தான் இருந்திருக்கும். ஏனென்றால் சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காது அடித்தொனியைச் சரியாகப் பிடிப்பதில்லை; உச்சத் தொனியிலும் கொஞ்சம் விட்டுவிடுகிறது. நடுத்தொனியைத்தான் நன்றாகக் கேட்கும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து வரைபடமாகப் போட்டுவிட்ட விஷயம். பழைய டேப் ரெக்கார்டர்களிலும் கார் ஸ்டீரியோக்களிலும் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? குறைந்த சத்தத்தில் காது விட்டுவிடும் பேஸைத் தூக்கிக் கொடுப்பதற்குத்தான் அது.

வீட்டில் உங்கள் விரல் செய்ததும் அந்தப் பொத்தானின் வேலைதான். காதில் விழாத பேஸைத் தூக்கினீர்கள், விழாத ட்ரெபிளைத் தூக்கினீர்கள். மேடையில் வால்யூம் ஏறியதும் காது அத்தனையையும் கேட்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் தூக்கி வைத்தது அப்படியே மிச்சம். அடியில் தொம்தொம் என்று அடிக்கிறது, மேலே ஊசியாகக் குத்துகிறது. வெட்டி எறிந்த மிட் இருக்கிறதே, இசைக்குழுவுக்கு நடுவில் கிட்டார் குடியிருக்கும் வீடே அதுதான். அதை இடித்துவிட்டு, "டிரம்ஸ் வந்ததும் என் கிட்டார் கேட்கவே இல்லை" என்றால் நான் என்ன செய்ய? ஆம்பை மாற்றினாலும் இதேதான் நடக்கும். இதற்காக ஆம்பை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

வாசிக்கப்போகும் சத்தத்தில்தான் டோன் வைக்க வேண்டும். வீட்டில் முடியாது என்றால் ஒத்திகையில் வையுங்கள், அதற்குத் தனியாக ஒரு ப்ரீசெட் (குமிழ்களின் மொத்த அமைப்பு) சேமியுங்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஆம்ப் தரையில், நீங்கள் அதை ஒட்டி நின்றபடி செட் செய்தால் ட்ரெபிள் உங்கள் கணுக்கால் பக்கமாகப் போய்விடும். காது அங்கே இல்லை. நாற்காலியில் ஏற்றுங்கள், அல்லது சாய்த்து வையுங்கள். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி 41. அந்த அடித்தளத்தை பேஸ்காரரிடமும் கிக் டிரம்மிடமும் விட்டுவிடுங்கள். 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை. மிக்சரில் இருப்பவர் உங்களுக்கு டீ வாங்கித் தருவார்.

ஃபேக்டரி ப்ரீசெட்டை நம்பாதீர்கள். கடையில் ஒரு நிமிடம் வாசித்துப் பார்ப்பவரை மயக்கச் செய்தவை அவை. டிலே, ரிவெர்ப், கோரஸ் எல்லாம் ஒரே தட்டில். கல்யாண மண்டபத்துக்குச் சொந்தமாகவே போதுமான எதிரொலி இருக்கிறது. ரிவெர்ப்பை அணையுங்கள், கெய்னை (டிஸ்டார்ஷனைக் கூட்டும் குமிழை) பாதியாக்குங்கள், அப்புறம் தேவையானதைச் சேருங்கள். இணையத்திலிருந்து இறக்கும் ப்ரீசெட்டும் அப்படித்தான். அது இன்னொருவர் கிட்டாருக்கு, இன்னொருவர் பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) அளந்து தைத்த சட்டை.

இன்னொன்று. ப்ரீசெட் மாற்றியதும் குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் அளவும் ஒத்துப்போகாது. குமிழைத் தொட்டதும் சத்தம் குதிக்கும். அது பழுது இல்லை.

சத்தமே வரவில்லையா? திருப்புளியைக் கீழே வையுங்கள். ஹெட்ஃபோன் ஜாக்கில் எதாவது சொருகியிருக்கிறதா? இல்லையென்றாலும் ஒரு பின்னைப் பத்துத் தடவை சொருகி எடுங்கள். அந்த ஜாக்குக்குள் ஸ்பீக்கரை அணைக்கும் குட்டி சுவிட்ச் ஒன்று இருக்கிறது. சென்னைக் கடற்காற்றில் அதன் தகடு கறுத்து ஒட்டிக்கொள்ளும். என் மேஜைக்கு வரும் ‘டெட்’ ஆம்புகளில் கணிசமானவை இந்த வகை. (கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அல்ல, தயவுசெய்து.) ட்யூனர் மியூட்டில் இருக்கிறதா? வால்யூம் பெடல் குதிகால் பக்கம் இறங்கியிருக்கிறதா? பவர் குமிழ் ஸ்டாண்ட்பையில் நிற்கிறதா? பாஸ் கட்டானா 50 என்ற ஆம்பில் 0.5, 25, 50 வாட்டுக்கு முன்னால் அந்த நிலை இருக்கிறது. லீடை மாற்றிப் பார்த்தீர்களா? சத்தம் கரகரத்துத் தேய்ந்து வந்தால், ஆக்டிவ் பிக்கப் கிட்டாரின் 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். அந்த வகைக் கிட்டாரில் லீடைச் சொருகியே விட்டால் பேட்டரி இரவெல்லாம் ஓடும்.

புளூடூத் ஹெட்செட்டில் வாசித்தால் விரலுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி வருகிறது என்று ஒருவர் ஆம்பைத் திருப்பியே கொடுத்துவிட்டார். ஆம்பின் தாமதம் சில மில்லிசெகண்ட்தான். 3 மில்லிசெகண்ட் என்றால் ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். புளூடூத்தில் அது 200ஐக்கூடத் தொடும். 70 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதுபோல. பெரும்பாலான ஆம்புகளில் புளூடூத் கூடவே பாட்டு ஓட விடுவதற்கு மட்டும்தான். வயர் உள்ள ஹெட்ஃபோன் வாங்குங்கள்.

மின்சாரம். அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கி வந்த ஆம்பா? சொருகுவதற்கு முன் பின்பக்கத்து எழுத்தைப் படியுங்கள். 100-240 என்றிருந்தால் சரி. 120 மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230இல் போடாதீர்கள். ஃப்ளோர் யூனிட்டுக்கு (காலால் மிதிக்கும் எஃபெக்ட் பெட்டிக்கு) ரவுட்டர் அடாப்டரைச் செருகுபவர்களே, பின் பொருந்துவதால் மட்டும் அடாப்டர் பொருந்தாது. ரவுட்டரில் நடுப்புள்ளி பெரும்பாலும் பிளஸ், கிட்டார் பெட்டிகளில் பெரும்பாலும் மைனஸ். சில பழைய யூனிட்டுகள் ஏசி வெளியீட்டு அடாப்டரில்தான் ஓடும்.

ஆம்பின் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) அப்டேட்டைக் கச்சேரிக்கு முந்தின இரவு செய்யாதீர்கள். ப்ரீசெட்டுகளை முதலில் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொள்ளுங்கள். டேட்டா போகும் யுஎஸ்பி கேபிள் வேண்டும், சார்ஜர் கேபிள் அல்ல. கரண்ட் போகும் நேரமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் அணைந்தால் அந்த ஒரு சமயம் மட்டும் நிஜமாகவே என்னிடம் வர வேண்டியிருக்கலாம்.

கடைசியாக ஹம், அதாவது ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று விடாமல் கேட்கும் இரைச்சல். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஹம் போக வேண்டும் என்று எர்த் பின்னை வெட்டாதீர்கள். வெட்டினால் ஹம் போகும்தான். எங்காவது கசிவு ஏற்பட்டால் தந்தியிலும் கரண்ட் நிற்கும், ஒரு கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது உங்கள் உடம்புதான் எர்த். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸின் ஸ்வான்ஸீயில் மேடையிலேயே இறந்தார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். திருவிழா ஜெனரேட்டரில் வாசிக்கும்போது மல்டிமீட்டரை ஏசியில் வைத்து தந்திக்கும் மைக் வலைக்கும் இடையே அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் வரும்வரை வாசிக்காதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

ஹம்முக்கு வேறு வழி இருக்கிறது. கிட்டாரோடு நீங்கள் திரும்பும்போது ஹம் கூடிக் குறைந்தால் அது பிக்கப் பிடிப்பது. டியூப்லைட், டிம்மரை விட்டு விலகுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த் வழிகள் சேர்ந்து உண்டாக்கும் வளையம். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள், மிக்சருக்குப் போகும் வழியில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டியை வையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் தாராளமாகக் கொண்டுவாருங்கள். கிட்டார், லீட், அடாப்டர் எல்லாவற்றையும் சேர்த்து. திருகாணிகள் அந்தந்த ஓட்டையிலேயே இருக்கட்டும்.