தோட்டத்து கிளினிக்குக்காக யார் பேசுவது?

மலேசியாவில் ஒரு ரப்பர்த் தோட்டம் வீடமைப்புக்குக் கைமாறும்போது பேச்சுவார்த்தை எந்த வரிசையில் நடக்கும் என்பது நம்மவர்களுக்கு மனப்பாடம். முதலில் கோயில்: மாற்று நிலம் எங்கே, எவ்வளவு? அடுத்து தமிழ்ப்பள்ளி: எத்தனை ஏக்கர்? அப்புறம் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்களுக்கு வீடும் இழப்பீடும். சில இடங்களில் இடுகாடும் பட்டியலில் ஏறும். கிளினிக் மட்டும் ஏறுவதே இல்லை. கோயிலுக்கு நிர்வாகக் குழு இருக்கிறது, பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. பிள்ளைகளை எடை பார்த்த அந்தப் பலகைக் கட்டடத்துக்குக் கேட்க ஆள் கிடையாது.

பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, எதைப் பழுது பார்க்கலாம், எதை மாற்ற வேண்டும் என்று அறிக்கை எழுதுவது என் தொழில். அண்மையில் தென் கெடாவில் ஒரு தோட்ட நகரத்தின் ஓரத்தில் நிற்கும் தாய்சேய் கிளினிக்கைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நிலத்தை வாங்கியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதில் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?” கேட்டதில் தப்பில்லை. அதில் சிற்பத் தூண் இல்லை, வளைவு இல்லை, வெள்ளைக்காரத் துரை பங்களாவின் பகட்டும் இல்லை. இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, மேலே ஓடு. அவ்வளவுதான்.

ஆனால் இந்த மாதிரிக் கட்டடத்தை முகப்பை வைத்து எடைபோடக் கூடாது. உள்ளே போய்க் கீழே பாருங்கள். தரையும் சுவரும் சேரும் மூலை கூராக இல்லாமல் வளைத்துப் பூசப்பட்டிருக்கும். அழுக்கு தங்காமல் ஒரு வீச்சில் கழுவிவிடத்தான் அந்த வளைவு. கூரையின் உச்சியில் இன்னொரு குட்டிக் கூரை. சூடான காற்று அதன் இடுக்கு வழியாக மேலேறிப் போகும். சன்னல்கள் வழக்கத்தைவிடத் தாழ்வு, பெஞ்சில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு முகத்தில் காற்றுப் பட வேண்டுமே. இரண்டு வாசல்கள் வேறு. ஏன் என்று எனக்குச் சொன்னது வரைபடம் அல்ல, பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கும் ஒரு பாட்டி: “காய்ச்சல் புள்ளைங்க அந்தப் பக்கம், நல்லா இருக்கிற புள்ளைங்க இந்தப் பக்கம்மா. மாறி வந்தா மிஸ்ஸி (நர்ஸ்) ஏசுவாங்க.”

கட்டடத்தைச் சுற்றி ஓடும் சிமெண்டு வடிகாலை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், அங்கே இருப்பதிலேயே பழைய கதை சொல்வது அதுதான். கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹமிலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் தேங்கிய நீரை வடித்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். பின்னர் தோட்டங்களிலும் வடிகால் வெட்டுவது மருந்து கொடுப்பதைப் போலவே சுகாதார வேலையானது. அந்த வடிகால்களை வெட்டியதும் நம் ஆட்கள்தான், காய்ச்சலில் செத்ததும் நம் ஆட்கள்தான்.

1957-இல் மலாயாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே. இந்த இறக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, ஆயாக் கொட்டகையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துபோகிற தூரத்தில் இருந்தது இந்த மாதிரி கிளினிக்தான். 1961-இல் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் நாடு முழுக்கத் தொடங்கியது; அதற்குப் பிறகு பிறந்த நம்மில் பலருடைய கையில் இருக்கும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பும் இப்படிப்பட்ட இடங்களில் விழுந்ததுதான்.

“நூறு வருஷம் ஆகாத கட்டடத்தை அரசாங்கம் ஏற்காது” என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். அது 1976-ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டத்துக் கணக்கு. இப்போது இருப்பது 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம். வரலாற்றுத் தொடர்பு, சமூக, பண்பாட்டுப் பிணைப்பு, அரிதான தன்மை, ஒரு வகைக்கு எடுத்துக்காட்டாக நிற்பது எல்லாம் அதில் அளவுகோல்கள். அழகும் ஓர் அளவுகோல், ஆனால் ஒரே அளவுகோல் அல்ல. மாநிலத்தில் உள்ள இடம் என்றால் மாநில அரசின் இணக்கமும் வேண்டும், நிலம் மாநிலத்தின் கையில்தானே. அதனால் மனு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் போதாது. சட்டமன்ற உறுப்பினரையும் மாவட்ட நில அலுவலகத்தையும் நேரில் பார்க்க வேண்டியிருக்கும்.

சில சமயம் இடிப்பவரைவிட, நல்லெண்ணத்தோடு பழுது பார்ப்பவர்தான் அதிகக் கேடு செய்கிறார். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விடும். ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று அதன்மேல் சிமெண்டு பூசி, பளபளப்பான பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடும். பிறகு உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். அப்போது பழி பழைய சுவர்மீது வரும். இன்னொன்று: பின்னால் பிற்காலத்தில் சேர்த்த கொட்டகையின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் கோத்தோங் ரோயோங் (ஊர்கூடிச் செய்யும் வேலை) ஆர்வத்தில் அதை உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்கு ஆபத்து. அதை அகற்றத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அலமாரியில் பழைய பதிவேடுகள் கிடைத்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பிறந்த நாள், தாயின் பெயர், எடை, போட்ட ஊசி எல்லாம் அதில் இருக்கும். பிறப்புப் பத்திரம் இல்லாமல் இன்றைக்கும் அலைகிறவர்களுக்கு அப்படி ஒரு வரி துணைச் சான்றாக உதவக்கூடும். அதேசமயம் அது பிறருடைய மருத்துவ விவரம். படம் பிடித்து முகநூலில் போடுவது சரியல்ல. அரசாங்க கிளினிக்கின் பதிவு என்றால் 2003-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அழிக்கவும் கூடாது.

நிலம் வாங்கியவரிடம் நான் அழகு, வரலாறு என்று அதிகம் பேசவில்லை. அவருடைய மனைவரைபடத்தையே விரித்தேன். வீடமைப்புத் திட்டத்தில் பொது வசதிக்கென்று எப்படியும் நிலம் ஒதுக்கியாக வேண்டும். அந்த மனையை கிளினிக் நிற்கும் மூலைக்கு நகர்த்தினால் அவருக்கு நஷ்டம் அதிகமில்லை. புதிதாகக் கட்ட நினைக்கும் தாஸ்காவை (குழந்தைப் பராமரிப்பு மையத்தை) இந்தக் கூரையின் கீழேயே நடத்தலாம். சின்னப் பிள்ளைகளுக்காகவே கட்டிய இடம். கழிப்பறையை மட்டும் உள்ளே நுழைக்காமல் பின்னால் தனியாகச் சேர்த்தால் போதும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். திட்டம் இன்னும் நகராண்மைக் கழகத்துக்குப் போகவில்லை. அந்த ஊர்க்காரர்கள் கடிதம் கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொடுக்க வேண்டும்.