பழைய சிறுவிமான இருக்கை: துணியின் நிறத்துக்கு முன் ஃபோம்

பழைய செஸ்னாவோ பைப்பரோ வைத்திருப்பவர்கள் இருக்கையைப் புதுப்பிக்க வந்தால், முதல் பேச்சே நிறம்தான். அடுத்து தோலா, துணியா, ரெக்சினா. உள்ளே என்ன ஃபோம் என்று கேட்பவர் அபூர்வம். தீ என்று வந்துவிட்டால் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அதுதான். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். தோளோடு தோள் உரசும் கேபினில் எங்கே ஒதுங்குவது?

செஸ்னா 172 சான்று பெற்றது 1955இல், சி.ஏ.ஆர். 3 என்ற அமெரிக்க விதியின் கீழ். பொருள் குபீரென்று பற்றி எரியக் கூடாது என்பதே அதன் அடிப்படை எதிர்பார்ப்பு. புகைபிடிக்க அனுமதிக்கும் கேபினுக்கு மட்டும் உறையில் ஒரு படி கடுமை. பெரிய பயணிகள் விமானங்களுக்கான செங்குத்துச் சோதனை வேறு ரகம்: தொங்கும் துண்டின் அடியில் 12 விநாடி சுடர், எடுத்தபின் சராசரியாக 15 விநாடிக்குள் அணைய வேண்டும், எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, சொட்டும் துளிகளும் 5 விநாடிக்குள் அணைய வேண்டும். பழைய விதி கேட்காவிட்டாலும் நான் இதைத்தான் கேட்பேன்.

“கார் சீட் துணிக்கும் தீச்சான்று இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் துணி படுக்கைவசமாக இருக்கும். நிமிடத்துக்கு 4 அங்குலம்வரை எரிந்தாலும் தேர்ச்சி. இருக்கையின் முதுகோ நிமிர்ந்து நிற்பது; தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். கம்பளித் துணி இயல்பிலேயே எளிதில் பற்றாது. பருத்திக்கு ரசாயனம் ஏற்ற வேண்டும், அதுவும் துவைக்கத் துவைக்கப் போய்விடலாம். சான்றிதழை வாங்கும்போது அதிலுள்ள எண்ணும் உங்கள் துணிச் சுருளின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஃபோமுக்குத் தனிச் சான்று வேண்டும்.

மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைப்பதும் தவறு. விமானம் ‘தொப்’பென்று தரையில் மோதினால், மென்மையான ஃபோமில் உடல் முதலில் அமிழ்ந்து, பிறகு வேகத்தோடு அடித்தட்டில் இடிக்கும், அடி முதுகெலும்புக்கு. அழுத்தினால் மெதுவாக மீளும் ஃபோம் இதைவிட நல்லது. 1960களில் நாசாவுக்கான ஆய்வில் பிறந்தது அது. குளிரில் பலகை மாதிரி இருக்கும், உடல் சூடு பட்டால் இளகும். தடிமனைக் கூட்டும் முன் ஒருமுறை உட்கார்ந்து, தலைக்கு மேல் இடைவெளியையும் விமானத்தைச் செலுத்தும் கைப்பிடியின் முழு அசைவையும் பாருங்கள். எடை மாறினால் எடைக் கணக்கிலும் ஏற்ற வேண்டும்.

இருக்கை வெளியே வந்த கையோடு, அது முன்பின் நகரும் தண்டவாளத்தின் (ரெயில்) துளைகளையும் அதில் மாட்டி இருக்கையை நிறுத்தும் பின்னையும் பார்த்துவிடுங்கள். டேக்‌ஆஃபில் சீட் பின்னால் வழுக்கிய விபத்துகள் செஸ்னாக்களில் நடந்திருக்கின்றன. இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கி அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. உத்தரவே போட்டிருக்கிறது. பெல்ட் நைந்திருந்தால் மெத்தை தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுத்தையல் போடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற புதியதை மாட்டுங்கள்.