கேனன்: கணக்கில் சேரும் பாண்ட், சேராத பாண்ட்

ஜேம்ஸ் பாண்ட் படங்கள் மொத்தம் எத்தனை? ரசிகர்கள் இரண்டு பேரிடம் கேட்டால் ஒருவர் 25 என்பார், இன்னொருவர் 27 என்பார். இரண்டுக்கும் நியாயம் உண்டு. 1962-இல் வந்த ‘டாக்டர் நோ’ தொடங்கி 2021-இல் வந்த ‘நோ டைம் டு டை’ வரை ஈயான் நிறுவனம் எடுத்தவை 25. மீதி இரண்டும் வேறு ஆட்கள் எடுத்தவை: 1967-இல் வந்த கேலிப்படமான ‘கேசினோ ராயல்’, 1983-இல் ஷான் கானரி மறுபடியும் பாண்டாக நடித்த ‘நெவர் சே நெவர் அகெய்ன்’. 25 என்று சொன்னவரிடம் ‘அந்த இரண்டை ஏன் விட்டுவிட்டீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அதெல்லாம் கேனன் இல்லை’ என்று பதில் வரும். ஒரு கதைவரிசையில் எவை கணக்கில் சேரும் என்று ஏற்கப்பட்ட பட்டியல்தான் ரசிகர்கள் சொல்லும் கேனன்.

கேனன் என்றதும் நம் ஊரில் கேமராதான் நினைவுக்கு வரும். அந்த ஜப்பானிய நிறுவனம் முதலில் தன் கேமராவுக்குப் புத்த மதத்தின் கருணைத் தெய்வமான குவானோனின் பெயரை வைத்திருந்தது. 1935-இல் அதைக் கேனன் என்று மாற்றிப் பதிவு செய்தது. பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் காதுக்கு இப்படித்தான் கேட்கும். எழுத்தில் ஒரு ‘ன’ கூடுதல், பொருளும் வேறு. ஆனால் பீரங்கிக்கும் ரசிகர்களின் கேனனுக்கும் வேர் ஒன்று. அந்த வேர் நாணல்.

எபிரேயத்தில் நாணலுக்குக் ‘காநே’ என்று பெயர். மேற்கு ஆசிய மொழிகளில் வழங்கிய அந்தச் சொல் கிரேக்கத்துக்குப் போய்க் ‘கன்னா’ ஆனது. நாணல் உள்ளே துளையுள்ளது என்பதால் குழாய், பீரங்கி என்று ஒரு கிளை பிரிந்தது. நாணல் நேராக வளர்வது என்பதால் இன்னொரு கிளையில் ‘கனோன்’ என்ற சொல் பிறந்தது. அதற்கு நேரான கோல், அளவுகோல் என்று பொருள். பிறகு அளவுகோல் என்பதிலிருந்து விதி, நெறி என்ற பொருள்களும் வந்தன. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பாலிகிளீட்டஸ் என்ற கிரேக்கச் சிற்பி, மனித உடலின் சரியான அளவுகளைச் சொல்லும் நூலுக்கே ‘கனோன்’ என்று பெயர் வைத்தார்.

தமிழில் ‘கோல்’ நடந்து வந்த பாதையும் ஏறக்குறைய இதேதான். முதலில் அது வெறும் குச்சி. தச்சர் கையில் முழக்கோல், பிறகு அளவுகோல், அரசன் கையில் செங்கோல். வளையாத கோல் என்பது வளையாத ஆட்சி என்றாகிவிட்டது. ஆகவே கிரேக்கர்களின் ‘கனோன்’ நமக்குப் புரியாத சங்கதி அல்ல.

ஆனால் ரசிகர்கள் இந்தச் சொல்லைக் கிரேக்கத்திலிருந்து நேராக எடுக்கவில்லை, கிறித்தவத் திருச்சபை வழியாக எடுத்தார்கள். எந்தெந்த நூல்கள் விவிலியத்தில் சேரும், எவை சேராது என்ற பட்டியலைத் திருச்சபை கேனன் என்று அழைத்தது. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்டவர் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ். ஆண்டு 367. கதைப் புத்தகத்துக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது ஷெர்லாக் ஹோம்ஸ் வாசகர் கூட்டம். பின்னாளில் கத்தோலிக்கக் குருவான ரொனால்ட் நாக்ஸ், 1911-இல் விவிலிய ஆய்வாளர்களின் பாணியில் ஹோம்ஸ் கதைகளை அலசி ஒரு கட்டுரை படைத்தார். அந்த வழியில் வந்தவர்கள் கானன் டாயில் எழுதிய 4 நாவல்களையும் 56 சிறுகதைகளையும் கேனன் என்றார்கள். அவர் பெயரில் உள்ள கானனுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அங்கிருந்து அறிபுனைக் கதைகள், காமிக்ஸ், பாண்ட் என்று எல்லா ரசிகர்களிடமும் சொல் பரவிவிட்டது.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? பலரும் எழுதுவது ‘அதிகாரபூர்வமான படங்கள்’, ‘அதிகாரபூர்வமற்ற படங்கள்’. பாண்ட் விஷயத்தில் இது தப்பு. ஏன் தப்பு என்று புரிய ‘தண்டர்பால்’ வழக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயான் பிளெமிங் முதல் பாண்ட் நாவலை 1953-இல் வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குப் பிறகு கெவின் மெக்ளோரி என்ற தயாரிப்பாளர், ஜாக் விட்டிங்ஹாம் என்ற திரைக்கதையாளர் ஆகியோருடன் உட்கார்ந்து ஒரு பாண்ட் படத்துக்குக் கதை அமைத்தார். படம் நடக்கவில்லை. பிளெமிங் அந்தக் கதையை எடுத்து 1961-இல் ‘தண்டர்பால்’ என்ற நாவலாக வெளியிட்டுவிட்டார். மெக்ளோரி லண்டனில் வழக்குத் தொடுத்தார். 1963-இல் பிளெமிங் சமாதானத்துக்கு வந்தார், கதையின் திரைப்பட உரிமை மெக்ளோரிக்குப் போனது. 1965-இல் ஈயானோடு சேர்ந்து அதே கதையைப் படமாக்கிய மெக்ளோரி, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு இன்னொரு முறை எடுக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். பத்து ஆண்டுகள் கழிந்ததும் வேலையைத் தொடங்கினார். மறுபடியும் பல சட்டச் சிக்கல்களைத் தாண்டி 1983-இல் வந்ததுதான் ‘நெவர் சே நெவர் அகெய்ன்’.

ஆக, அந்தப் படம் முறையாக உரிமை பெற்று எடுத்த படம். கதையோ பிளெமிங் நாவலின் கதை. நாயகனோ சினிமாவின் முதல் பாண்டான கானரி. அதை ‘அதிகாரபூர்வமற்றது’ என்று எழுதினால் திருட்டுப் படம்போல் தொனிக்கிறது. அதே ஆண்டு ஈயான் வெளியிட்ட ‘ஆக்டோபுஸி’ கதையில் ஒரு பகுதி உதய்ப்பூரில் நடக்கிறது. நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டின் கூட்டாளியாக வருகிறார். நாவலிலிருந்து எட்டிப் போனது எது என்று பார்த்தால் இதுதான். பிளெமிங்கின் சிறுகதையிலிருந்து தலைப்பும் ஓரிரு இழைகளும் மட்டுமே இதில் உண்டு. ஆனாலும் கேனனில் இருப்பது ‘ஆக்டோபுஸி’, வெளியே நிற்பது மற்றது.

நாவல் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். பிளெமிங் 1964-இல் இறந்தார். 12 நாவல்கள், 2 சிறுகதைத் தொகுதிகள் அவருடையவை. கடைசி இரண்டு புத்தகங்கள் அவர் இறந்த பிறகு வந்தன. 1968-இல் கிங்ஸ்லி ஏமிஸ் ஒரு புனைபெயரில் பாண்ட் நாவல் எழுதினார். 1981 முதல் 1996 வரை ஜான் கார்ட்னர் பிளெமிங்கைவிட அதிகமான பாண்ட் நாவல்களை எழுதினார். பிறகு ரேமண்ட் பென்சன், ஜெஃப்ரி டீவர், அந்தோணி ஹோரோவிட்ஸ் என்று வரிசை நீள்கிறது. அத்தனையும் உரிமையாளர்களே எழுதச் சொன்னவை. அதிகாரபூர்வம் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் பிளெமிங்கைப் பலமுறை படித்த வாசகர்களில் பலர் அவர் எழுதியதை மட்டும்தான் கேனன் என்கிறார்கள். அனுமதி பெற்றதா என்பது ஒரு கேள்வி, கேனனில் சேருமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே சொல் போதாது.

தமிழில் கேனனுக்கு ஏற்கெனவே ஒரு பழைய சொல் இருக்கிறது: திருமுறை. நம்பியாண்டார் நம்பி தேவாரத்தையும் பிற பாடல்களையும் தொகுத்தார் என்று சைவ மரபு சொல்கிறது. பின்னர் பெரியபுராணமும் சேர்ந்து பன்னிரண்டு திருமுறைகள் ஆயின. எது உள்ளே, எது வெளியே, எது எந்த வரிசையில் என்ற மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. தமிழ்க் கத்தோலிக்கர்களும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். சில திருச்சபைகள் ஏற்று, சில ஏற்காத தோபித்து, யூதித்து போன்ற நூல்களைத் தமிழ் விவிலியம் ‘இணைத் திருமுறை’ என்று அழைக்கிறது. எவ்வளவு அழகான ஆக்கம்!

பாண்ட் படங்களைத் திருமுறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓதுவார் பாடும் பதிகத்தின் பெயரைச் சினிமாவுக்கு வைக்க வேண்டாம். ‘திரு’வை எடுத்துவிட்டால் ‘முறை’ மிஞ்சுகிறது. அது தனியாக நின்றால் மாமன் முறையா, மூன்றாவது முறையா என்று குழப்பும். எட்டுத்தொகையில் உள்ள தொகையைப் பக்கத்தில் வைத்தால் ‘முறைத்தொகை’. சுருக்கமாகத் ‘தொகை’ என்றாலும் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

வெளியே நிற்பவற்றுக்கு என்ன பெயர்? கம்பராமாயணப் பதிப்புகளைப் புரட்டியவர்களுக்கு இதற்கு விடை தெரியும். கம்பர் பாடியது என்று பதிப்பாசிரியர்கள் ஏற்காத பாடல்களை அவர்கள் தூக்கி எறிவதில்லை. ‘மிகைப் பாடல்கள்’ என்று தனியே அச்சிடுகிறார்கள். போலி என்ற பழியும் இல்லை, கள்ளத்தனம் என்ற தொனியும் இல்லை, படிக்க விரும்புகிறவர் படித்துக்கொள்ளலாம். ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ மிகைப் படம். கார்ட்னர் எழுதியவை மிகை நாவல்கள். ‘இடைச்செருகல்’ என்ற சொல்லும் நம்மிடம் உண்டு, ஆனால் அதில் யாரோ தெரியாமல் நுழைத்த குற்றம் ஒட்டிக்கொண்டிருப்பதால் இங்கே பொருந்தாது.

முறைத்தொகை என்று எழுதும்போது யாருடைய தொகை என்றும் சேர்த்து எழுத வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். பாண்டுக்குத் தொகை ஒன்றல்ல, பிளெமிங் தொகை வேறு, ஈயான் தொகை வேறு. இதைப் பிரிக்காததால்தான் பாதிச் சண்டை.

1969-இல் வந்த ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தைப் பாருங்கள். பாண்ட் மூக்குக்கண்ணாடி, வேறு பெயர், வேறு உத்தியோகம் என்று மாறுவேடத்தில் தன் பரம எதிரி புளோஃபெல்டின் மலைக்கோட்டைக்குப் போகிறான். புளோஃபெல்ட் எதிரே நின்று பேசுகிறான், ஆளை அடையாளம் தெரியவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் எரிமலைக்குள் இருவரும் நேருக்கு நேர் பார்த்துப் பேசிக்கொண்டவர்கள்! நடிகர்கள் இருவருமே மாறிவிட்டார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். உண்மையான காரணம் வரிசை. பிளெமிங் தொகையில் மலைக்கோட்டைக் கதை 1963, ஜப்பான் எரிமலைப் படத்துக்கு மூலமான கதை 1964. புத்தகத்தில் இருவருக்கும் மலைக்கோட்டையில்தான் முதல் சந்திப்பு, அடையாளம் தெரியாததில் வியப்பே இல்லை. ஈயான் படங்களின் வரிசையை மாற்றியது, காட்சியை மட்டும் புத்தகத்தில் இருந்தபடியே விட்டுவிட்டது.

2006-இல் டேனியல் கிரெய்க் நடித்த ‘கேசினோ ராயல்’ கதையை முதலிலிருந்து தொடங்கியது. அதில் பாண்ட் பஹாமாஸில் சீட்டாட்டத்தில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரை ஜெயிக்கிறான். அந்தக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். 2012-இல் வந்த ‘ஸ்கைஃபால்’ படத்தில் கொட்டகையிலிருந்து வெளிவரும் டிபி5-க்கு ஸ்டியரிங் வலப்பக்கம். ஆளைத் தூக்கி எறியும் இருக்கை, விளக்குக்குப் பக்கத்தில் துப்பாக்கி என்று கானரி காலத்துச் சாமான்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அப்படியானால் கிரெய்க் பாண்ட் கானரியின் தொடர்ச்சியா, புது ஆளா? ஈயான் தொகைக்குள்ளேயே ஓர் உட்தொகை என்று கிரெய்க்கின் 5 படங்களைப் பிரித்துவைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

படத்தில் சொல்லாததை ரசிகர் தானே நிரப்பிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் கேனனுக்கு முன்னால் ‘தலை’யைச் சேர்த்துச் சொல்கிறார்கள். தமிழில் ‘மனக்கணக்கு’ என்பதே போதும். தெருக் கிரிக்கெட்டில் ‘அந்தப் பால் கணக்கில் இல்லை’ என்கிற அதே கணக்கு, மனசுக்குள் நடக்கிறது. பாண்ட் ரசிகர்களிடம் இருக்கும் மிகப் பெரிய மனக்கணக்கு, ‘ஜேம்ஸ் பாண்ட் என்பது ஆளின் பெயர் அல்ல, பதவியோடு கைமாறும் புனைபெயர்’ என்பது. ஆறு முகங்களுக்கும் ஒரே அடியில் விளக்கம் கிடைத்துவிடும் என்பதால் பலருக்கு அதில் பிடிப்பு. ஈயான் தொகை இதை ஏற்கவில்லை. 1969-இல் ஜார்ஜ் லேசன்பி மணந்து இழந்த மனைவியின் கல்லறைக்கு 1981-இல் ரோஜர் மூர் பூங்கொத்தோடு போகிறார். கல்லில் தெரேசா பாண்ட், 1943–1969 என்று செதுக்கியிருக்கிறது. ‘ஸ்கைஃபால்’ இறுதியில் ஸ்காட்லாந்துக் கல்லறையில் பெற்றோரின் பெயர்களும் பாண்ட் என்றே இருக்கின்றன. ஆண்ட்ரூ, மோனிக் என்ற அந்தப் பெயர்கள் பிளெமிங் 1964 நாவலில் கொடுத்தவை. இரண்டு தொகைகளும் கைகோக்கும் அபூர்வமான இடம் அது.

பாண்ட் படங்களில் ஈயானோடு பங்குள்ள ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம்மை அமேசான் 2022-இல் வாங்கியது. 2025 பிப்ரவரியில் பாண்ட் படங்களின் படைப்பு அதிகாரமும் அதன் கைக்குப் போனது. ஈயானை நடத்திவந்த பார்பரா புரோக்கோலியும் மைக்கேல் ஜி. வில்சனும் உடைமையில் பங்காளிகளாக மட்டும் தொடர்கிறார்கள். அடுத்து வரும் படத்தை 26 என்று எண்ணுவதா, புதுத் தொகையின் முதல் படம் என்று எழுதுவதா என்று இப்போதே சிலர் கேட்கிறார்கள். நான் 26 என்றே எழுதுவேன். தயாரிப்பாளர் கை மாறினாலும் உரிமைச் சங்கிலி அறுபடவில்லை. 1967, 1983 படங்கள் அந்தச் சங்கிலிக்கு வெளியே பிறந்தவை.