"நல்லாத்தான் சாப்பிடுறான் டாக்டர்"

ஜில்லுவைப் பல்லுக்காகக் கூட்டி வரவில்லை. முதுகிலும் வால் பக்கமும் முடி சிக்குப் பிடித்துத் திரிதிரியாக நின்றது. பத்து வயது ஆண் பூனை. கூடையில் வைத்துத் தூக்கி வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. "முன்னெல்லாம் நாள் முழுக்க நக்கிச் சுத்தம் பண்ணிட்டே இருப்பான். இப்ப வயசாயிடுச்சு, அக்கறை இல்லாம கிடக்கான். ஏதாவது ஷாம்பு எழுதிக் கொடுங்க" என்றார். வாய் எப்படி இருக்கிறது, சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "அதெல்லாம் நல்லாத்தான் சாப்பிடுறான் டாக்டர்."

உதட்டை ஓரமாக உயர்த்திப் பார்த்தேன். கீழ்த்தாடையில் இடது பக்கம், கோரைப்பல்லுக்குப் பின்னால் வரும் முதல் பல்லின் அடியில் ஈறு ஒரு சிவப்புப் பொட்டாகப் பல்லின் மேலேயே ஏறி வளர்ந்திருந்தது. பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தை லேசாகத் தொட்டதும் ஜில்லுவின் தாடை கடகடவென்று நடுங்கியது. அந்த அம்மா முகம் வெளுத்துப் போய், "இவ்வளவு வலியோடவா சாப்பிட்டுட்டு இருந்தான்?" என்றார்.

ஆமாம். பூனை வலியோடுதான் சாப்பிடும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். வேட்டையாடிப் பிழைக்கிற இந்தச் சிறிய விலங்கை இரையாகப் பிடிக்கவும் வேறு விலங்குகள் உண்டு. பலவீனத்தை வெளியே காட்டாமல் இருப்பது அதன் இயல்பு. வலியைவிடப் பசி பெரிதாக இருக்கும் வரை தின்னும். தட்டு காலியாகிறதா என்பதை மட்டும் பார்த்து வாய் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. எப்படித் தின்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுகிறதா? வாயில் எடுத்ததைக் கீழே போட்டுத் திரும்ப எடுக்கிறதா? பசியோடு தட்டுக்கு ஓடி வந்து, ஒரு வாய் வைத்ததும் சீறிவிட்டு விலகுகிறதா? உலர் உணவை விட்டுவிட்டுக் குழம்பு மாதிரி இருப்பதை மட்டும் நக்குகிறதா? எச்சில் வழிகிறதா? உடம்பை நக்கிக்கொள்வதை நிறுத்திவிட்டதா? ஜில்லுவின் சிக்கு முடிக்குக் காரணம் இந்தக் கடைசி ஒன்றுதான். நாக்கை நீட்டி இழுக்கும் ஒவ்வொரு முறையும் வலித்திருக்கிறது.

அடுத்து வாய் நாற்றம். "மீன் திங்கிற பூனை, வாய் நாறத்தானே செய்யும்" என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் சொல்கிறார்கள். தின்று முடித்த கொஞ்ச நேரம் மீன் வாடை வரலாம், அது சரி. மறுநாள் காலையில் முகத்துக்கு அருகே வந்தாலே குமட்டுகிற நாற்றம் வந்தால், அது ஈறில் கிருமி பெருகியிருப்பதன் அடையாளம். வயதான பூனையின் வாயில் அமோனியா மாதிரி காரமான நெடி அடித்து, நாக்கில் புண்ணும் இருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கலாம். அதனால்தான் வாய் நாற்றம் என்று வந்தாலும் ரத்தப் பரிசோதனை எழுதுகிறோம்.

பூனைக்குப் பால்பல் 26. மூன்று, நான்கு மாத வயதில் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 30 நிலைப் பற்கள் வந்துவிடும். அதன் தாடை நம் தாடை போலப் பக்கவாட்டில் அரைக்காது. மேலும் கீழும்தான் அசையும். கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றை ஒன்று உரசி வெட்டும். நமக்கு வருகிற மாதிரி சொத்தைப்பல் பூனைக்கு வருவதில்லை. வருவது மூன்று தொல்லைகள்.

முதலாவது, பற்காரையும் ஈறு நோயும். பல்லில் தினமும் ஒட்டும் வழவழப்பான கிருமிப் படலத்தைத் துடைக்காமல் விட்டால், சில நாளிலேயே எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காரையாக இறுகிவிடும். ஈறு விளிம்பு சிவந்திருக்கும் கட்டத்திலேயே கவனித்தால் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். அதைத் தாண்டி எலும்பு கரையத் தொடங்கினால் கரைந்தது கரைந்ததுதான்.

இரண்டாவது, ஜில்லுவுக்கு வந்தது. பல்லை உடம்பே கரைத்துக்கொள்ளும் நோய். நடுவயதைத் தாண்டிய பூனைகளில் மிகச் சாதாரணமாகப் பார்க்கிறோம். ஏன் வருகிறது என்பது மருத்துவத்துக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அடைத்து மூடிக் காப்பாற்ற முடியாது. அந்தப் பல்லை எடுப்பதுதான் வழி. வேர் எந்த அளவுக்குக் கரைந்திருக்கிறது என்பது பல் எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஆகவே பல் எடுக்கப் போகுமுன், எக்ஸ்ரே வசதி உண்டா என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

மூன்றாவது, எனக்கு மிகவும் மனவேதனை தருவது. தொண்டை வாசல் வரை வாய் முழுக்க ரத்தச் சிவப்பாக வெந்துபோய்க் கிடக்கும். கொட்டாவி விட வாயைத் திறந்தாலே கத்தும் பூனைகளைப் பார்த்திருக்கிறேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவு மீறி, பல்லைச் சுற்றியுள்ள தசையையே தாக்குகிறது. பல பூனைகளை ஒன்றாக வளர்க்கும் வீடுகளில் அதிகம் பார்க்கிறோம். கலிசிவைரஸ் என்ற கிருமிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் இந்தப் பூனைகளுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் நன்றாகத் தின்னும், பிறகு மறுபடியும் வரும். ஊசிக்கும் ஊசிக்கும் இடைவெளி குறைந்துகொண்டே போகும். அப்படி மாதக்கணக்கில் வலியில் விட்ட பூனைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. பின்பக்கப் பற்கள் எல்லாவற்றையும், தேவைப்பட்டால் முழு வாய்ப் பற்களையும் எடுத்துவிடுவதுதான் இதற்கு நல்ல சிகிச்சை. எல்லாப் பூனைக்கும் முழுதாகக் குணமாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலானவை நன்றாகத் தேறுகின்றன, சிலவற்றுக்கு மாதங்கள் பிடிக்கும். "பல்லே இல்லாம எப்படி டாக்டர் சாப்பிடும்?" என்று கேட்காதவர்கள் இல்லை. நன்றாகவே சாப்பிடும். வலிக்கிற பல்லோடு இருப்பதைவிடப் பல்லில்லாத வாய் அதற்கு எவ்வளவோ சுகம்.

சுத்தம் செய்வதற்கு மயக்க மருந்து எதற்கு, சும்மா பிடித்துக்கொண்டு சுரண்டிவிட முடியாதா என்பது அடுத்த கேள்வி. கண்ணுக்குத் தெரியும் காரையைச் சுரண்டினால் பல் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் பூனை அங்கே கருவியை விட அனுமதிக்காது. மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் குழாய் பொருத்திவிட்டால், தெறிக்கும் தண்ணீரும் அழுக்கும் நுரையீரலுக்குள் போகாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. பூனைக்குப் பல் துலக்கலாம். சிரிக்காதீர்கள், குட்டியிலேயே பழக்கினால் மடியில் உட்கார்ந்து காட்டும் பூனைகள் இருக்கின்றன. முதல் வாரம் பிரஷ்ஷையே எடுக்க வேண்டாம். அது சொக்கிப்போய்ப் படுத்திருக்கும் நேரத்தில் கன்னத்தைத் தடவிக்கொண்டே உதட்டை ஒரு நொடி உயர்த்தி விட்டுவிடுங்கள். உடனே பிடித்த தீனி ஒரு துண்டு. அடுத்த வாரம், கருவாட்டுத் தண்ணீர் வேண்டாம், உப்பு அதிகம். உப்புப் போடாமல் மீன் வேகவைத்த தண்ணீரில் விரலைத் தொட்டு, பல்லின் மேல் ஓட்டுங்கள். அப்புறம் விரலில் மெல்லிய பருத்தித் துணி சுற்றித் துடைப்பது. அதற்கும் பழகியபின் பூனைக்கான சிறிய பிரஷ், இல்லாவிட்டால் கைக்குழந்தைக்கு வாங்கும் மிக மென்மையான பிரஷ். வாயைப் பிளக்க வேண்டியதே இல்லை. பற்களின் வெளிப்பக்கம் போதும். உள்பக்கத்தை அதன் சொரசொர நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லில் அக்கறை காட்டுங்கள். எச்சில் வந்து விழும் இடம் அதன் அருகில்தான், காரையும் அங்கேதான் முதலில் பிடிக்கும். தினமும் துடைத்தால் நல்லது, வாரத்துக்கு மூன்று நாளாவது வேண்டும். ஈறு சிவந்து வலி இருக்கும்போது தொடங்காதீர்கள், பிரஷ்ஷைக் கண்டாலே வாழ்நாளெல்லாம் ஓடும். உலர் உணவே பல்லைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்பியும் இருக்க வேண்டாம். சாதாரண உலர் உணவைப் பல பூனைகள் மெல்லாமலே விழுங்குகின்றன.

நம் பற்பசையைப் பூனைக்குப் போடக் கூடாது. அதற்குத் துப்பத் தெரியாது, ஃபுளோரைடும் நுரை தரும் பொருளும் வயிற்றுக்குள்தான் போகும். பல்வலிக்கு நாம் வைக்கிற கிராம்புத் தைலமும் கூடாது. பூனையின் கல்லீரலால் அதிலுள்ள பொருளை முறித்து வெளியேற்ற முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். பாவம் வலிக்குதே என்று அன்போடு கொடுத்துவிட்டு, ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சு வாங்கும் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அந்த நிமிடமே கிளம்புங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் மிகக் குறைவு.

ஒன்று மறந்துவிட்டேன். பூ கட்டும் நூல். வீட்டில் கிடக்கும் நூலைப் பூனை விளையாட்டாக வாயில் போட, அது நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போய்விடும். எச்சில் ஒழுகுகிறது, வாந்தி எடுக்கிறது என்றால் நாக்கின் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள். நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், குடல் அறுந்துவிடும். அப்படியே கொண்டு வாருங்கள்.

ஜில்லுவுக்கு எக்ஸ்ரே எடுத்ததில் வலது பக்கத்திலும் அதே பல் கரைந்திருந்தது தெரிந்தது. இரண்டையும் எடுத்தோம். பன்னிரண்டு நாள் கழித்துக் கூட்டி வந்தபோது, மேசையில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கி முகம் துடைத்துக்கொண்டிருந்தது. "பீரோ மேல ஏறிப் படுக்கிறான் டாக்டர், ரெண்டு வருஷமா ஏறவே இல்லை" என்றார் அந்த அம்மா. இந்த நோய் ஒரு பல்லில் வந்தால் மற்றதிலும் வர வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, ஆறு மாதம் கழித்து வரும்படி எழுதிக் கொடுத்தேன். வீட்டில் இன்னொரு பூனை உண்டாம், நான்கு வயது. அடுத்த முறை அதையும் கூடையில் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.