பட்டறைல செஞ்சு பாக்குறதும் ஆராய்ச்சிதான், அதுக்கு என்னென்ன உதவி இருக்கு?

மதுரை கே.புதூர் தொழிற்பேட்டைல எங்க மச்சான் சின்னதா லேத் பட்டறை வச்சிருக்காரு. ரெண்டு வருஷமா மல்லிக்கு ஒரு பெட்டி செய்யப் பாடுபடுறாரு, அதாவது காலைல பறிச்ச மொட்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வந்து வெளியூர் வண்டி ஏறி இறங்குறதுக்குள்ள விரிஞ்சிரக் கூடாது, ஐஸ்ல நேரா பட்டா கருத்துப் போகுது, ஐஸே இல்லாட்டி விரிஞ்சிருது, அதனால நனைச்ச சாக்கும் பேட்டரி ஃபேனும் வச்சே குளிர வைக்கப் பாக்குறாரு. இப்ப ஏழாவது பெட்டி. போன மாசம் ஒரு மானியத்துக்கு அப்ளிகேஷன் போட உக்காந்தோம். இதுவரை என்னென்ன சோதனை பண்ணீங்க, எவ்வளவு செலவுன்னு கேட்டிருந்தாங்க. பில் இல்ல, தேதி இல்ல, முதல் ஆறு பெட்டியும் பழைய இரும்புக்குப் போயிருச்சு. ரொம்பக் கஷ்டமாப் போச்சு, அதான் தெரிஞ்சதை எல்லாருக்கும் எழுதிரலாம்னு.

முதல்ல எது ஆராய்ச்சி? உலகம் பூரா இதை அளக்க ஒரு கையேடு இருக்கு, ஃப்ராஸ்காட்டி கையேடுன்னு பேரு, 1963ல இத்தாலில அந்த ஊர்ல கூடிப் பேசி உருவாக்குனது. அது அஞ்சு விஷயம் பாக்குது. செய்யறது புதுசா இருக்கணும், சொந்தமா யோசிச்சதா இருக்கணும், முடிவு என்ன வரும்னு முன்கூட்டியே தெரியாம இருக்கணும், திட்டம் போட்டு கணக்கு வச்சு செஞ்சிருக்கணும், இன்னொருத்தர் அதே மாதிரி செஞ்சா அதே பலன் வரணும். மச்சான் பெட்டிக்கு முதல் மூணும் நல்லாவே பொருந்துது. கடைசி ரெண்டும் நோட்டு இல்லாததால அடிபடுது. பெட்டிக்கு பெயிண்ட் கலர் மாத்துறது, ஆர்டருக்குத் தக்கன சைஸ் மாத்துறது எல்லாம் இதுல வராது.

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவு பண்றது 2020-21 கணக்குப்படி நாட்டோட மொத்த உற்பத்தில 0.64 சதவீதம்தான், தென்கொரியாவுல 4 சதவீதத்துக்கும் மேல. அந்த 0.64லயும் தனியார் கம்பெனிங்க பங்கு மூணுல ஒண்ணை விட கொஞ்சம்தான் கூட. சர்வே எடுத்துச் சேக்குற கணக்கு இது, பட்டறைல எழுதாம செய்யறது எதுவும் அதுல ஏறாது. நம்ம ஊரு உழைப்பு அதுல காணாமப் போறது எனக்கு நிஜமாவே வருத்தம். மதுரைல ஆரோலேப் 1992ல கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் செய்ய ஆரம்பிச்சப்புறம்தான் அது ஏழைங்களுக்கும் எட்டுற விலைக்கு வந்துச்சு, இங்க முடியாததுன்னு ஒண்ணும் இல்ல.

சரி, காசு. வெறும் ஐடியா, இல்லாட்டி முன்மாதிரிப் பொருள் செய்யற நிலையில இருக்கீங்கன்னா தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தோட இன்னோவேஷன் வவுச்சர் இருக்கு, முதல் வகைல 2 லட்சம் வரைக்கும், அடுத்த வகைல 5 லட்சம் வரைக்கும். மத்திய அரசோட நிதி பிரயாஸ் திட்டத்துல முன்மாதிரி செய்யறதுக்கு 10 லட்சம் வரைக்கும், அது புதுத் தொழிலை வளத்துவிடுற இன்குபேஷன் சென்டர் வழியாத்தான் வரும். தமிழ்நாடு அரசோட ஸ்டார்ட்அப் டிஎன் குடுக்குற டான்சீட்ங்கிற தொடக்க நிதி 10 லட்சம், பெண்கள் நடத்துற கம்பெனி, கிராமத்துக்குப் பயன்படுறது மாதிரி சிலதுக்கு 15 லட்சம், அறிவிப்பு வர்றப்ப மட்டும்தான் போட முடியும். ஸ்டார்ட்அப் டிஎன்னுக்கு மதுரைலயே வட்டார மையம் இருக்கு, நேர்ல போய்க் கேளுங்க.

இங்கதான் நிறையப் பேர் மாட்டுறாங்க. ஸ்டார்ட்அப்புன்னு மத்திய அரசு குடுக்குற ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் தனி ஆள் பேர்ல நடத்துற கடைக்குக் கிடைக்காது, பிரைவேட் லிமிடெட்டோ எல்எல்பியோ பதிவு பண்ண பார்ட்னர்ஷிப்போ வேணும். சின்னத் தொழிலுக்கு எடுக்குற உத்யம் பதிவு இருந்தாப் போதும்னு மச்சான் நெனச்சிட்டு இருந்தாரு, அது வேற இது வேற. உத்யமும் அவசியம் எடுங்க, ஃப்ரீதான், யாருக்கும் காசு குடுக்காதீங்க.

2025ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்த 1 லட்சம் கோடி ஆராய்ச்சி நிதியைப் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. அது பெரும்பாலும் குறைஞ்ச வட்டி நீண்ட காலக் கடனும் முதலீடும்தான், ஃபண்ட் மேனேஜர்ங்க வழியாப் போறது, தொழில்நுட்பம் எவ்வளவு தயாரா இருக்குன்னு பாக்குற ஒன்பது படில நாலாவது படியையாவது எட்டியிருக்கணும், அதாவது லேப்ல வேலை செய்யுதுன்னு காட்டியிருக்கணும். ஏழாவது பெட்டிக்காரருக்கு இப்போதைக்கு அது தூரம்.

பேட்டன்ட் பத்தி கொஞ்சம் கவனமாப் படிங்க. தனி ஆளு, ஸ்டார்ட்அப், சின்னத் தொழிலுக்கு ஆன்லைன்ல ஃபைலிங் ஃபீஸ் 1,600 ரூபா, பெரிய கம்பெனிக்கு 8,000. பேட்டன்ட் ஆபீஸ் விண்ணப்பத்தைப் பரிசோதிக்கிறதுக்கு 4,000, அதுவே பெரிய கம்பெனிக்கு 20,000. முதல்ல தற்காலிக விண்ணப்பம் போட்டு தேதியைப் பிடிச்சுக்கலாம், ஆனா 12 மாசத்துக்குள்ள முழு விவரமும் குடுக்கணும், விட்டா போச்சு. பரிசோதனைக் கோரிக்கை 31 மாசத்துக்குள்ள போடணும். ஏஜென்ட் ஃபீஸ் தனி. இந்தியால பேட்டன்ட் கிடைச்சா சிறு, நடுத்தரத் தொழிலுக்கான மத்திய அரசோட எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் திட்டத்துல 1 லட்சம் வரைக்கும் திரும்ப வாங்கலாம். விவசாய முறைக்கு இங்க பேட்டன்ட் கிடையாது, மல்லி பறிக்கிற புது முறைன்னு போட்டா நிக்காது, பெட்டி ஒரு பொருளுங்கிறதால போட்டுப் பாக்கலாம். இன்னொண்ணு, ஃபைல் பண்றதுக்கு முன்னாடி தமுக்கம் பொருட்காட்சில வச்சுக் காட்டுறதோ யூடியூப்ல வீடியோ போடுறதோ வேண்டவே வேண்டாம், ஊருக்கே தெரிஞ்சா புதுசுங்கிற தகுதி போயிரும்.

நோட்டுக்கு வர்றேன். பக்கத்துக்கு நம்பர் போட்ட தைச்ச நோட்டு எடுங்க, தேதி, என்ன மாத்துனோம், எத்தனை மணிக்கு பூ வச்சோம், உள்ள வெளிய எவ்வளவு டிகிரி, எத்தனை மணிநேரத்துல விரிஞ்சுச்சு, ஏன் தோத்துச்சுன்னு எழுதி பில்லை ஒட்டுங்க. தோத்த பெட்டியையும் போட்டோ எடுத்து வைங்க. மச்சான் பழைய ஆறு பெட்டியைப் பத்தி ஞாபகம் இருக்கறதை எல்லாம் இப்ப எழுதிட்டு இருக்காரு, பழைய தேதி போடாதீங்க, ஞாபகத்துல இருந்து எழுதுனதுன்னே போட்டு எழுதுன தேதியைப் போடுங்கன்னு சொல்லியிருக்கேன்.