கல்லறை அன்று, ஈமப்பேழை

எகிப்திய அரசி ஹெத்தெப்பெரெஸின் கல்லறையைத் திறந்து பார்த்தபோது அது வெறுமையாக இருந்தது என்று தமிழில் எத்தனை முறைதான் படிப்பது? ஸ்னெஃப்ரு மன்னரின் மனைவியும், பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் தாயுமான அவருடைய கல்லறை, கீசாவில் ஏறத்தாழ 27 மீட்டர் ஆழக் குழியின் அடியில் 1925இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, பொற்தகடு வேய்ந்த கட்டில், பல்லக்கு, பட்டாம்பூச்சி வடிவம் பதித்த வெள்ளி வளையல்கள் என நிறைந்து கிடந்தது. வெறுமையாக இருந்தது, 1927 மார்ச்சில் மூடி தூக்கப்பட்ட சார்கோபேகஸ் (sarcophagus) என்னும், உடல் வைக்கும் கற்பெட்டி மட்டுமே. கல்லால் ஆனது, பிணத்துக்கு உரியது, ஆகவே கல்லறை என்று மொழிபெயர்ப்பாளர் முடிவுகட்டியதால், அறைக்கும் அதனுள் இருந்த பெட்டிக்கும் ஒரே பெயர் விழுந்துவிட்டது.

கிரேக்கத்தில் சார்க்ஸ் என்றால் தசை, ஃபகெய்ன் என்றால் உண்ணுதல். உடலை விரைவில் அரித்துவிடும் என்று நம்பப்பட்ட ஒருவகைச் சுண்ணக்கல்லுக்கு வழங்கிய பெயர் பின்னர் பெட்டிக்கு ஆயிற்று. இதைப் பிடித்துக்கொண்டு ‘ஊனுண்ணிப் பெட்டி’ என்று ஆக்குவோரை என்னால் ஏற்க முடியவில்லை. வேர்ச்சொல்லைப் பெயர்ப்பது வேறு, பொருளைப் பெயர்ப்பது வேறு. உடல் அழியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே குடலை எடுத்து உப்பிலிட்ட மக்கள், தசையைத் தின்னும் பெட்டியில் தம் அரசியைக் கிடத்துவார்களா? அவர்கள் மொழியில் அதன் பெயர் ‘நெப் ஆங்க்’, அதாவது உயிரின் தலைவன். ‘சவப்பெட்டி’யும் உதவாது, மரப்பெட்டியைக் கற்பெட்டிக்குள் வைக்கும் வழக்கம் அங்கே இருந்ததால், உள்ளிருக்கும் பெட்டிக்கு அச்சொல் தேவைப்படுகிறது.

பல்லாவரத்தில் கிடைத்த, கால்கள் வைத்த சுடுமண் பெட்டியை நம் தொல்லியலாளர்கள் ஈமப்பேழை என்றே எழுதிவருகிறார்கள். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிது தேட வேண்டும்? ஈமம் சுடலைக்குரியது, எரியூட்டாத எகிப்தியருக்குப் பொருந்தாது என்பாரும் உண்டு. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் குயவனிடம் கேட்கப்படுவது ‘ஈமத் தாழி’தான், அது உடல் இட்டுப் புதைக்கும் தாழி.

ஹெத்தெப்பெரெஸின் கல்லறைச் சுவரின் மறைவிடத்தில், அரசியின் உள்ளுறுப்புகள் நேட்ரான் என்னும் உப்பின் கரைசலில் ஊறியபடி இருந்த மற்றொரு கற்பெட்டியும் கிடைத்தது. அதைக் ‘கலசம்’ என்கிறார்கள். நான்கு அறைகள் குடைந்த சதுரப் பெட்டி எப்படிக் கலசமாகும்? உறுப்புப்பேழை என்று எழுதினால் போதும்.