பிழையில்லாமல் பாடினாலும் சுருதி இறங்கும்

பக்கவாத்தியம் இல்லாமல் லத்தீன் திருப்பலி இசையைப் பாடும் குழு, எடுத்த சுருதியிலேயே முடிப்பது கடினம். பெரும்பாலும் இறங்கிவிடும். பழி பாடகர்களின் களைப்பின்மேல் விழுகிறது. அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் ஒருவர்கூடப் பிசகாதபோதும் சுருதி இறங்க இடமுண்டு.

கோலாலம்பூரில், புடுவிலுள்ள புனித அந்தோணியார் ஆலயம் போன்ற தமிழ்ப் பங்குகளின் பாடகர்களுக்குக் கீபோர்டு புதிதல்ல. அதில் ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்றால் அந்தர காந்தாரம் 302.4. காது விரும்புவதோ 5:4 விகிதம், அதாவது 300. ச-வின் ஐந்து மடங்கு 1200. கீபோர்டு காந்தாரத்தின் நான்கு மடங்கு ஏறக்குறைய 1209.5. இரண்டும் மோதி, நொடிக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட விம்மல்கள், அதாவது ஒலி கூடிக் குறையும் அதிர்வுகள், எழும். கருவி இல்லாவிட்டால், விம்மல் அடங்கும்வரை பாடகர்கள் குரலை நகர்த்திக்கொள்வார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ச 243 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். அடுத்த சுரக்கூட்டுக்கு (ஒருசேர ஒலிக்கும் சுரங்களுக்கு) அடித்தளம் கீழ்த் தைவதம்: 6:5 இறங்கினால் 202.5. அங்கிருந்து 4:3 ஏறினால் ரிஷபம், 270. 3:2 இறங்கினால் பஞ்சமம், 180. மறுபடி 4:3 ஏறி ச-வுக்கு வந்தால் 240! ஒவ்வொரு அடியும் சுத்தம், ஆனால் 3 ஹெர்ட்ஸைக் காணோம். இந்த 81:80 இடைவெளியைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் பலர் பிரமாண சுருதி என்கிறார்கள். ஐந்து சுற்றில் அரைச்சுரம் போய்விடும்.

நம் கச்சேரியில் இந்தத் தொல்லை இல்லை. தம்பூரா ச-வை விடாமல் பிடித்திருக்க, எல்லாச் சுரங்களும் அதோடு மட்டும் இசைந்தால் போதும். பாடற்குழுவிலோ ஒவ்வொரு கூட்டும் முந்தைய கூட்டைப் பிடித்து நடக்கிறது.

சுவிட்சர்லாந்தின் இசையமைப்பாளர் ஃபிராங்க் மார்ட்டின் 1922இல் தொடங்கி 1926இல் முடித்த இரட்டைக் குழுத் திருப்பலி இசை இதற்குக் கடும் சோதனை. அது தனக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம் என்று அவர் பூட்டிவைத்தார், 1963இல்தான் அரங்கேறியது. ‘ஆக்னுஸ் தேயி’ (இறைவனின் செம்மறி) பகுதியில் ஒரு குழு ஒரே குரலாக மெட்டைப் பாட, மற்றது அடியில் சுரக்கூட்டுகளைச் சீராக ஒலிக்கிறது. கூட்டுகள் நழுவினால் மெட்டும் கூடவே நழுவ வேண்டும், அல்லது உரசும். எழுதிய விதத்திலேயே குறும்பு இருக்கிறது என்பேன்.

தப்பிக்க வழி உண்டு. ரிஷபத்தை 270இல் விடாமல் 273.4 அளவுக்கு உயர்த்தினால் பஞ்சமம் 182.25 ஆகும், ச 243க்கே திரும்பும். தைவதத்திலிருந்து ரிஷபத்துக்குத் தாவும் அந்த ஓர் இடம் மட்டும் கொஞ்சம் கசக்கும்.